கடைசி நான்கு நொடி

பீடோங்கில் மழை வந்தால்
முதலில் போவது இணையம், பிறகுதான் கரண்டு.
ஆகவே பாடங்களை ஏற்றுவது
மழை விட்ட இரவுகளில், பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்.
கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து
தவநேசன் மோட்டாரை நிறுத்தும் சத்தம்தான்
எங்களுக்கு வேலை தொடங்கும் மணி.

மூடிப்போன வீடியோ கடையின் மாடி.
வாடகை நூற்றைம்பது வெள்ளி.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
செம்பனை லோரி போகும்போது பதிவை நிறுத்துவோம்.
கீழே மாமாக் கடையில் கோழி பொரிகிற வாடை
எந்த மைக்கிலும் ஏறாது என்பது ஒரு குறைதான்.

இசை அமைக்கப் பழகுகிறவர்களுக்கு
தமிழில் ஓர் இடம் வேண்டும் என்று தொடங்கினோம்.
காசில்லாமல், கடவுச்சொல் இல்லாமல்.
யாரும் எடுக்கலாம், யாரும் சேர்க்கலாம்.
முதல் மாதம் முழுவதும்
ஒரே சொல்லுக்குச் சண்டை.
கார்டு என்பதை எப்படி எழுதுவது?
'சுரக்கட்டு' என்றேன்.
'சந்தையில கீர விக்கிற மாதிரி இருக்கு' என்றாள் யுவராணி.
'கார்டுன்னே எழுது.
தேடுறவன் அதத்தான் தேடுவான்.'
கார்டு என்றே எழுதினோம்.

லயம் என்ற சொல்லுக்கு மட்டும்
இரண்டு பொருள் போட்டோம்.
ஒன்று, காலத்தின் சீரான நடை.
இரண்டு, தோட்டத்தில் வரிசையாய்க் கட்டிய வீடுகள்;
ஒரு சுவரில் தட்டினால் ஆறாவது வீட்டில் கேட்கும்.
இசை படிக்கிறவனுக்கு இது எதற்கென்று
ஜொகூரிலிருந்து ஒருவர் இரண்டாவதை அழித்தார்.
திரும்பப் போட்டோம்.
திரும்ப அழித்தார்.
இன்றைய நிலவரப்படி இருக்கிறது.

பாடம் ஒன்பது, தாள ஒலிகள்.
அதற்கு யுவராணி கொண்டுவந்த உறுமி
அவள் அண்ணன் சாவில் கைத்தொலைபேசியில் பிடித்தது.
அதை அவள் சொல்லவில்லை.
உறுமி, வேகம் தொண்ணூற்றிரண்டு
என்று பெயர் வைத்தேன்.
கடைசி நான்கு நொடியில், மேளம் நின்ற பிறகு,
ஓர் ஆண் குரல் 'போதும்பா' என்கிறது.
வேண்டாதவர் வெட்டிக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

வெட்டிக்கொண்டார்கள்.
சுங்கைப் பட்டாணிப் பேரங்காடியில்
டுரியான் பிஸ்கட் விளம்பரத்துக்குப் பின்னால்
அந்த உறுமி ஓடியது.
யுவராணி சோப்புத்தூள் வரிசையில்
தள்ளுவண்டியை விட்டுவிட்டு வெளியே வந்தாள்.
அப்போதுதான் சொன்னாள்,
யார் சாவு, எந்த வருஷம்,
அது அப்பாவின் குரல்.

அழித்துவிடுகிறேன் என்றேன்.
'நானூத்திப் பதினேழு பேர் எறக்கியாச்சு.
எத அழிப்ப?'
தவநேசன் ஒன்றும் பேசாமல்
கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தான்,
உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாக.
அப்படிச் சுற்றினால் உள்கம்பி கெடும் என்று
அவனே எழுதியிருக்கிறான், பாடம் நான்கில்.

அந்த வாரம் பாடம் பூஜ்ஜியம் எழுதினோம்,
ஒன்றுக்கு முன்னால் வைக்க.
பதிவுப் பொத்தானை அழுத்துமுன் யாரைக் கேட்பது,
தலையாட்டியவரையும் மறுநாள் ஏன் இன்னொரு முறை கேட்பது.
யாருமே திறக்காத பாடம் அதுதான்.
யுவராணி மட்டும் திறந்து
இரண்டு எழுத்துப்பிழை திருத்தினாள்.

பிறகு தைப்பிங்கிலிருந்து ஹஃபிசுதீன் மலாயில் எழுதினான்.
ஒரு குறும்படத்துக்கு இசை அமைக்கிறானாம்.
எல்லாரும் வெட்டிய குரலை அவன் வெட்டவில்லையாம்.
மேளத்தைத்தான் வெட்டினானாம்.
அந்த ஆள் என்ன சொல்கிறார்?
நான் வைத்துக்கொள்ளலாமா?

யுவராணி அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள்.
போனைக் காதோடு அழுத்தி இரண்டு முறை கேட்டார்.
'வச்சுக்கச் சொல்லு' என்றார்.
'அது மேளக்காரனுக்குச் சொன்னது.
வெரலு வெடிச்சு ரத்தம் வந்துச்சு,
நிறுத்தவே மாட்டேன்னுட்டான்.'

கோப்பின் குறிப்பில்
'வாசித்தவர்' என்ற கட்டம்
அத்தனை மாதமும் காலியாகக் கிடந்ததை
அன்றைக்குத்தான் பார்த்தோம்.
இப்போது அதில் இருப்பது:
பெயர் தெரியவில்லை. பீடோங் பக்கம்.
விரலில் காயம்.
தெரிந்தவர் எழுதவும்.